ரசனை வட்டத்தின் மூக்கு

இந்தச் சாயாவில் ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள். இல்லை என்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் அம்மா? எதிர்க்கடைச் சேட்டன் உங்களிடம் சொல்லாமல் விட்டிருப்பார். இருக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

கம்பத்திலிருந்து மலையேறி இறங்கி, ஐந்து மணி நேரம் ஜீப்பில் குலுங்கி, இந்த மட்டாஞ்சேரி ஸ்டேஷன் மாடிவரை வந்திருக்கிறீர்கள். உங்களை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் காலையில் நீங்கள் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். புதிதாக ஒன்று சொல்கிறேன். நிறுத்தி நிறுத்தி, எழுதும் தமிழிலேயே சொல்கிறேன். நீங்கள் திருத்தாமல் எழுதிக்கொண்டால் போதும்.

என் தம்பி மகள் ஸாதனா கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எறணாகுளத்தில் வக்கீல். "பெரியப்பா, நீங்க ஒண்ணும் பறயண்டா, எல்லாம் நான் சரியாக்கித் தரேன்" என்று, அதாவது நான் வாயே திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் மேலே அனுப்பினாள். நல்ல பெண். தமிழ் பேசுவாளே தவிர எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நீங்கள் எழுதுவதை அவள் படித்து முடிப்பதற்குள் நாம் இருவரும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

என் பெயர் லக்ஷ்மிநாராயணன். வயது அறுபத்தொன்பது. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. முப்பத்தாறு வருடம் தேயிலை ருசி பார்ப்பது என் உத்தியோகம். ஏலத்துக்கு வரும் தேயிலையை ஒரு காலையில் முந்நூறு கிண்ணம் உறிஞ்சுவேன். வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, இது எந்த எஸ்டேட், எந்த வாரம் பறித்தது, உலர்த்தும்போது எவன் தூங்கிப்போனான் என்பதுவரை சொல்லுவேன். தப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மூக்கு சும்மா இருக்கவில்லை. ஒயின் பக்கம் திரும்பியது.

அப்படித்தான் மட்டாஞ்சேரி ரசனை வட்டம் உண்டானது. பல் டாக்டர் வெங்கிடேஷ், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்தும் தம்பதி என்று என்னைத் தவிர எட்டுப் பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை என் வீட்டு முன்னறையில் கூடுவோம். என்னை அவர்கள் 'வட்டத்தின் மூக்கு' என்பார்கள். நான் சொல்வதற்கு முன் யாரும் வாய் திறப்பதில்லை. நனைந்த கருங்கல் வாசனை வருகிறது என்று நான் சொன்னால், எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு கருங்கல்லைக் கண்டுபிடிப்பார்கள். அவர்களில் யாரும் கருங்கல்லை நக்கிப் பார்த்தவர்கள் இல்லை. நம்பிக்கை அவ்வளவு.

இருபத்தொன்றாம் வருடம் மே மாதம் எனக்குக் கோவிட் வந்தது. ஊருக்கே வந்தது, எனக்கும் வந்தது. அதற்குப் பிறகு என் மூக்கு போய்விட்டது என்று என் மனைவி அனந்தலக்ஷ்மி ஒரு எண்ணத்தை வளர்த்துக்கொண்டாள். ஒருநாள் அடுப்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கோயிலிலிருந்து திரும்பி வந்தவள், "ஏன்னா, பால் கரிஞ்சு தெருவெல்லாம் நாறறது, பக்கத்துல உக்காந்துண்டு உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். நான் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். உண்மை என்னவென்றால், காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு இன்னும் நுட்பமாகிவிட்டது. கரிந்த பால், பெருங்காயம், சாக்கடை மாதிரியான முரட்டு வாசனைகளை அது பொருட்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. வயதானால் சிலருக்கு இரைச்சலான பாட்டு பிடிக்காமல் போகும் அல்லவா, அப்படி.

அந்த வருடத்திலிருந்துதான் வட்டத்தை அதிகம் பேர் அறியாத ஒயின் பிரதேசங்களுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தேன். நாசிக்குக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். அங்கே ஒயினுக்கு முன்னாலேயே அதைப்பற்றிய அபிப்பிராயம் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றப்பட்டுவிடுகிறது. பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். பதினோராவது ஆளாக நாம் தலையாட்ட வேண்டும். அறியப்படாத இடத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தோட்டம், விஜயபுராவுக்கு அப்பால் வரப்பில் நடந்து போக வேண்டிய ஒரு கொட்டகை, அட்டப்பாடிச் சரிவில் பலாப்பழத்தில் ஒயின் போடும் ஒரு பாதிரியார். நிலவறை வாசலில் நின்று, பீப்பாயிலிருந்து நேரே வாங்கி ருசி பார்த்தோம். அங்கெல்லாம் முதல் அபிப்பிராயம் என்னுடையது. பெரும்பாலும் கடைசி அபிப்பிராயமும் அதுதான்.

இந்தப் பயணங்களுக்கு வண்டி ஷாஃபியுடையது. நீங்கள் அவனைப் பார்த்தது வேறு நிலையில் என்பதால் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வயது. ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலக்காய் மொத்த வியாபாரம். ஒரு டிராவலர் வண்டியும் வைத்திருந்தான். வார இறுதியில் வாடகைக்கு விட்டு அவனே ஓட்டுவான். ஒயினைத் தொட மாட்டான். எங்களை இறக்கிவிட்டு, வெளியே மரத்தடியில் தொழுதுவிட்டு, யாரிடமாவது பேச்சுக்கொடுத்துக்கொண்டிருப்பான். ஆனால் மூக்கு இருந்தது. சுக்கை ஒடித்து முகர்ந்து, இது தொடுபுழையா வயநாடா என்று சொல்லிவிடுவான். படிக்காத மூக்கு. அதற்கு வார்த்தைகள் தெரியாது. நல்லது, கெட்டது, பழசு, புதுசு, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஓணம் முடிந்த ஞாயிறு, விஜயபுராவிலிருந்து கொண்டுவந்த ஒரு போத்தலை வட்டத்துக்குத் திறந்தேன். புளிப்பு துடிப்பாக இருந்தது. "பச்சை ஆப்பிள், அதற்குப் பின்னால் எலுமிச்சைத் தோல், முடிவில் கடல் உப்பு" என்றேன். எட்டுப் பேரும் கடல் உப்பை ஒப்புக்கொண்டார்கள். டாக்டர் வெங்கிடேஷ் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார், கண்ணில் நீர் வரவர. அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்க வந்த ஷாஃபி வாசலிலேயே நின்றிருந்தான். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து, போத்தலைத் தூக்கி மூக்குக்கு ஒரு முழம் தள்ளியே வைத்து முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தான்.

"சாமி, இது சுர்க்காவாக்கும்," என்றான். சுர்க்கா என்றால் வினிகர். "நல்ல ஒண்ணாந்தரம் சுர்க்கா. மீன் அச்சாறுக்கு எடுக்கலாம். ஒரு காரியம் பறயட்டா? கோவப்படாதீங்க. கோவிடுக்குப் பின்னே உங்களுக்கு மணம் போச்சு, இல்லே?"

நான் அவனுக்கு விளக்கினேன். இளம் ஒயினில் புளிப்பு முன்னால் நிற்கும் என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஆருகிட்டயும் பறய மாட்டேன், சாமி. அல்லாவாணை. எங்க வீட்டுக்காரி ரஹீனாவுக்கும் இப்படித்தான் போச்சு. ஆலுவாவுல ஒரு டாக்டர் இருக்கார். நாலு மணம் தெனம் ரெண்டு நேரம் புடிக்கணும், மறந்துபோன மூக்கு கொஞ்சம் கொஞ்சமா படிச்சிரும். நானே கூட்டிட்டுப் போறேன்."

அவன் அதை ஊரெல்லாம் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சுக்கு வியாபாரிக்கு ஒயினைப்பற்றி என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவன் சொல்லவில்லை. மாதக்கணக்கில் சொல்லவில்லை. பஜார் ரோட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "டாக்டரைப் பார்க்கலாமா, சாமி?" என்று மெதுவாகக் கேட்பான். பயணங்களில் நான் கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போது தூரத்தில் நின்று என்னைப் பார்ப்பான். நான் பேசி முடித்ததும் தலை குனிந்துகொள்வான். எனக்காக அவன் வெட்கப்பட்டான். முப்பத்தாறு வருடம் மற்றவர்கள் சரக்கைப் பார்த்து நான் முகம் சுளித்திருக்கிறேன். என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இனி கம்பம். மலையடிவாரத்தில் இசக்கிமுத்து என்பவர் பன்னீர் திராட்சையில் ஒயின் போடுகிறார் என்று கேள்விப்பட்டு எழுதினேன். ருசி பார்க்க வாருங்கள் என்றார். அறியப்படாத பிரதேசம் என்று சொன்னால் அப்படி ஒரு அறியப்படாத பிரதேசம். அடுத்த தோட்டத்துக்காரருக்கே தெரியாது. பத்து நாள் முன்னதாக நான் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எப்போதும் முன்னதாகப் போய்ப் பார்ப்பது என் பழக்கம். பதினாலு படி இறங்கும் நிலவறை. ஒரு காலத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்து, பாறை வந்ததால் விட்ட குழியாம். படிகளின் மேல் கனத்த பலகைக் கதவு. கதவருகே ஓர் ஆணியில் மண்ணெண்ணெய் விளக்கு.

"சார், வெளக்கு இல்லாம யாரும் கீழ எறங்கப்படாது," என்றார் இசக்கிமுத்து. "கெணறு வெட்டுறவங்க செய்யுறதுதான். சாறு பொங்குறப்ப ஒரு காத்து வந்து கீழ தேங்கும். அதுக்கு நெறமும் கெடையாது, வாடையும் கெடையாது. வெளக்கு அணைஞ்சுச்சுன்னா ஆளும் அணைஞ்சான்னு அர்த்தம். ஒடனே திரும்பி மேல வந்துரணும். கதவத் தெறந்து போட்டு ஒரு பகல் விட்டாத்தான் போகும்."

அடுத்த வெள்ளிக்கிழமை புதுச் சாறு கீழே இறக்கப் போவதாகவும் சொன்னார். வெள்ளி இறக்கினால் ஞாயிறு நன்றாகப் பொங்கும் என்றார். நான் டைரியில் ஞாயிறு என்று குறித்துக்கொண்டேன். வட்டத்துக்கும் அதே நாளைச் சொன்னேன்.

இசக்கிமுத்து மனசாட்சி உள்ள மனிதர். உங்கள் காவலில் பன்னிரண்டு நாளாக இருக்கிறார், கவனக்குறைவு என்று. விளக்கைப்பற்றி எச்சரித்தேன் என்று அவர் சொல்வது உண்மை. இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குத் தோட்டத்தை அடைந்தோம். வட்டத்தார் மேலே கொட்டகை வராந்தாவில் உட்கார்ந்தார்கள். இசக்கிமுத்து கோப்பைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். கீழே சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "வெளக்கு, சார்," என்று ஞாபகப்படுத்தினார். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். போகும் வழியில் மரத்தடியில் ஷாஃபி நின்றிருந்தான். அவனிடம்தான் நான் அன்று ஒரு பொய் சொன்னேன். வேறு பொய் ஏதும் அன்று சொன்னதாக நினைவில்லை. "ஷாஃபி, நீ சொன்னது சரிதான்" என்றேன். எனக்கு மணம் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டதாக அவனை நினைக்க விட்டேன். "கீழே மூன்று பீப்பாய் இருக்கிறது. இறங்கி முகர்ந்து, எது நல்லது என்று வந்து சொல். மற்றவர்கள் முன்னால் என் மானம் போகாமல் பார்த்துக்கொள்."

அவன் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. "சாமிக்குச் செய்யாம பின்னே ஆருக்குச் செய்ய," என்றான். சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டதாகச் சொன்னான். "புதனாழ்ச்ச, பதினொரு மணி."

கதவைத் திறந்து, முதலில் நான் விளக்கோடு இறங்கினேன். ஏழாவது படியில் திரி சுருங்கியது. எட்டாவதில் அணைந்தது. காற்று இல்லை, யாரும் ஊதவில்லை. சட்டென்று மேலே வந்துவிட்டேன். தீக்குச்சி உரசி அதே விளக்கைத் திரும்ப ஏற்றி, நன்றாக எரிவதைப் பார்த்து, ஆணியில் மாட்டினேன். பிறகு ஷாஃபியைக் கூப்பிட்டு, "பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை, விளக்குகூடத் தேவையில்லை, போனை வைத்துக்கொண்டு போ" என்றேன். போனில் இருக்கும் வெளிச்சம் எந்தக் காற்றிலும் அணையாது. அது அதன் குறை.

அவன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு இறங்கினான். நான் கதவைச் சாத்தினேன். நிலவறையின் குளிர்ச்சி வெளியே போகக் கூடாது. ஒயின் தொழிலில் கதவைத் திறந்து போடுவது நல்ல பழக்கம் இல்லை. தாழ்ப்பாளும் போட்டேன். இரண்டு தடவை "சாமி" என்று கூப்பிட்டான். முதல் தடவை ஏதோ கேட்க வந்ததுபோல இருந்தது. இரண்டாவது அப்படி இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, மேலே போனேன்.

வட்டம் காத்துக்கொண்டிருந்தது. கோப்பையைச் சுழற்றி முகர்ந்தேன். "முதலில் ரோஜா. மழை பெய்து முடிந்த தோட்டத்து ரோஜா. அப்புறம் கிராம்பு, மிக லேசாக" என்றேன். பன்னீர் திராட்சையில் ரோஜா வாசனை வரும் என்று இசக்கிமுத்துவின் சுவரில் ஒட்டியிருந்த தாளிலும் போட்டிருந்தது. ஆனால் கிராம்பு முழுக்க என்னுடையது. நாலு வருடத்தில் நான் சொன்னவற்றிலேயே இதுதான் சிறந்தது என்றார் டாக்டர் வெங்கிடேஷ். இன்னொரு சுற்று ஊற்றினார்கள். டிரைவர் எங்கே, அவருக்கும் ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமே என்று ஹோம்ஸ்டே அம்மாள் கேட்டார். வண்டியில் தூங்குகிறான் என்றேன். ஆக, இரண்டாவது பொய் ஒன்று இருந்திருக்கிறது. மேலே சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் கழித்து, வெளியே கிடந்த செருப்பைப் பார்த்துக் கதவைத் திறந்து, தோட்ட வேலை செய்யும் பெண் அலறினாள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் துக்கம் கேட்க ஷாஃபி வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கதவோரம் நின்று ரஹீனா ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அவங்க உங்களுக்குன்னு எடுத்து வெச்சது, சாமி. தெனம் ரெண்டு நேரம் மணம் புடிக்கச் சொல்லணும்னு பறஞ்சாங்க. கம்பத்துலேருந்து வந்து தரலாம்னு வெச்சாங்க." உள்ளே பஞ்சு சுற்றிய நான்கு குப்பிகள். கிராம்பு, ஏலம், எலுமிச்சைத் தைலம், ரோஜா அத்தர். ஒவ்வொன்றிலும் அவன் கையால் மலையாளத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான்கையும் திறந்து பார்த்தேன். சரக்கு பழசு. ஒன்றிலும் வாசனை இல்லை. அவ்வளவு பெயர் வாங்கிய கடை, எனக்குக் கொடுக்க எடுத்து வைத்தது அதுதான்.

இப்போது நீங்கள் காலையில் வாசித்த வாக்குமூலத்துக்கு வருகிறேன். ஷாஃபியின் சட்டைப் பையில் இருந்த சீட்டை நீங்கள் ஆலுவாவுக்கு அனுப்பி விசாரித்திருக்கிறீர்கள். சீட்டில் என் பெயர், புதன்கிழமை, பதினொரு மணி. ஸாதனா அதைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவியிடம் எழுதி வாங்கினாள், கரிந்த பால் உட்பட. நீங்கள் வாசித்த வரி எனக்கு மனப்பாடம்: 'மேற்படி லக்ஷ்மிநாராயணன் மணம் அறியும் சக்தியை முற்றிலும் இழந்த முதியவர் ஆகையால், உள்ளே சாறு பொங்கும் வாடையை உணராமல், விளக்கு விஷயத்தையும் மறந்து, நண்பரை அறியாமல் அனுப்பிவிட்டார்.' கையெழுத்துப் போட்டால் மாலையே வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். கோர்ட்டில் ஒருமுறை அதை உரக்க வாசிப்பார்கள், வேறொன்றுமில்லை என்றீர்கள்.

உரக்க வாசிப்பார்கள். பேப்பரில் கொச்சிப் பக்கத்தில் வரும். டாக்டர் வெங்கிடேஷ் படிப்பார். நாலு வருடம் குடித்த ஒவ்வொரு கோப்பையையும் எட்டுப் பேரும் திரும்ப நினைத்துப் பார்ப்பார்கள். ஷாஃபி செத்தும் அந்தத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். அதற்கு நான் ஒத்துக்கொள்ள முடியாது. இசக்கிமுத்துவை விட்டுவிடுங்கள் என்றும் இதனோடு சேர்த்து எழுதலாம், அதுவும் ஒரு காரணம்தான்.

எழுதுங்கள். ஷாஃபியை நான் கொன்றேன். யோசித்து, நாள் குறித்து, தெரிந்தே கொன்றேன். போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் நிற்காது என்று ஸாதனா சொல்வாள். மாஜிஸ்திரேட்டிடமும் இதையே சொல்லுவேன், ஒரு சொல் மாறாது.

என்ன எழுதினீர்கள், காட்டுங்கள். 'விளக்கு அணைந்ததால் ஆபத்தை அறிந்து' என்றா? அதை அடித்துவிடுங்கள். விளக்கு பிற்பாடு. கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஈரச் சுண்ணாம்பு. பிறகு வெட்டி வைத்த பேரிக்காய். அடியில், மிக ஆழத்தில், துருப்பிடித்த சாவியின் வாசனை. வாசலில் நின்றே அந்தக் காற்றை முகர்ந்து தெரிந்துகொண்டேன்.

அந்தக் காற்றுக்கு வாடையே கிடையாது என்று உங்கள் ரிப்போர்ட் சொல்கிறதா? சாதாரண மூக்குக்குக் கிடையாது. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.